உறைக்குள் ஓர் உறை

கடந்த நவம்பரில் ஆயுள் சான்றிதழ் அளிப்பதற்காக எங்கள் கிளைக்கு வந்த ஓய்வூதியர் ஒருவர், தம் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். சீட்டுக்கட்டின் சீட்டளவே இருந்த அவ்வட்டையில் பேஸ்பால் வீரர் ஒருவரின் படம். அதன் குறுக்கே நீல மையில் ஒரு கையொப்பம். நியூஜெர்சியில் வாழும் அவருடைய பேரன், அந்த வீரருக்குக் கடிதம் எழுதி, ஐந்து மாதங்கள் காத்திருந்து பெற்றுத் தாத்தாவுக்குப் பரிசளித்தானாம். "இது மெய்யான கையொப்பம்தானா? கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதுதானே உங்கள் தொழில்?" என்று அவர் வினவினார். அன்று விடை கூற இயலவில்லை. பின்னர் நாங்கள் படித்தறிந்தவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

அட்டையின் கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் புகையிலை நிறுவனங்கள் சிகரெட் பெட்டிகளுக்குள் விளையாட்டு வீரர்களின் பட அட்டைகளை வைத்து விற்றன. பிற்காலத்தில் சூயிங்கம் நிறுவனங்கள் அவ்வழக்கத்தைத் தொடர்ந்தன. டாப்ஸ் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட மிக்கி மேன்டில் அட்டை ஒன்று, 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அத்தகைய அரிய அட்டைகள் செல்வந்தர்களுக்கு உரியவை. சில காசுகளே பெறும் சாதாரண அட்டையை, அதில் படமாக உள்ள வீரருக்கே அஞ்சலில் அனுப்பிக் கையொப்பம் பெறுவது எளியவர்களின் பொழுதுபோக்கு.

கேட்கும் முறை

முற்காலத்தில் நம் தமிழ் இதழ்களுக்குக் கதை அனுப்பியோர், அஞ்சல்தலை ஒட்டிய சுயமுகவரி உறையை உடன் வைத்ததை வாசகர்கள் அறிவர். இங்கும் அதுவே முதல் விதி. வெளியுறைக்குள் கடிதம், ஓரிரண்டு அட்டைகள், அவை மடங்காமல் காக்க ஒரு தடித்த அட்டைத்துண்டு, மடித்து வைத்த சுயமுகவரி உறை ஆகியவை இருத்தல் வேண்டும். கடிதம் ஒரே பக்கத்தில், சொந்தக் கையெழுத்தில் இருப்பது நன்று. பளபளப்பான அட்டையில் மை ஒட்டாது திரளும் என்பதால், முகப்பவுடரை மெல்லத் தேய்த்துப் பளபளப்பைக் குறைத்து அனுப்புவோரும் உளர்.

ஆடிவரும் வீரருக்கு அவருடைய அணியின் மைதான முகவரிக்கு எழுதலாம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அணிகள் ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி பெறுகின்றன. ஆட்டப் பருவத்தின் நெருக்கடி தொடங்காத அக்காலமே ஏற்றது என்பர் அனுபவமிக்கோர்.

மறுமொழி இரு வாரத்தில் வரலாம், சில ஆண்டுகள் கழித்தும் வரலாம், வாராமலும் போகலாம். இடையில் அஞ்சல் கட்டணம் உயர்ந்துவிட்டால் என் செய்வது? அமெரிக்க அஞ்சல்துறை 2007-இல் அறிமுகப்படுத்திய 'ஃபாரெவர்' அஞ்சல்தலை இதற்குத் துணைநிற்கிறது. என்று வாங்கியதாயினும், உள்நாட்டுச் சாதாரணக் கடிதத்துக்கு அது என்றும் செல்லும். விலைவாசி ஏற்றத்துக்கு ஈடுகொடுக்கும் சேமிப்பு என்று வங்கியாளர்களாகிய நாங்கள் இதனைப் பாராட்டுகிறோம்.

எது மெய்?

வந்த கையொப்பம் யாருடையது என்பதே கடினமான வினா. சில வேளைகளில் ரப்பர் முத்திரை பதிந்திருக்கும். சில வேளைகளில் 'ஆட்டோபென்' எனும் இயந்திரம் எழுதியிருக்கும். உதவியாளரே எழுதியிருத்தலும் உண்டு. இவற்றினும் கொடியது விற்பனைக்கெனவே செய்யப்படும் போலி. 1990-களில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் நடத்திய புலனாய்வில் போலிக் கும்பல்கள் பிடிபட்டன. அன்னை தெரசா கையொப்பமிட்டதாகக் கூறப்பட்ட பேஸ்பால் பந்துகளும் அவற்றுள் இருந்தன! இதன்பின், 2001-இல் மேஜர் லீக் அமைப்பு சான்றளிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கையொப்பமிடும்போது சாட்சி ஒருவர் உடனிருந்து பார்த்தாலே அதில் சான்று கிடைக்கும். அஞ்சலில் வரும் கையொப்பத்துக்கோ சாட்சி இல்லை.

இவ்விடத்தில் எங்கள் தொழிலறிவு சிறிது உதவுகிறது. உயிருள்ள கை ஒருபோதும் ஒரே கையொப்பத்தை இருமுறை இடுவதில்லை. சாய்வும் அழுத்தமும் இடைவெளியும் சற்றேனும் மாறும். இரண்டு கையொப்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று வைத்தாற்போல் பொருந்தினால், அவற்றுள் ஒன்றையேனும் ஐயுற வேண்டும். ஆட்டோபென்னைக் காட்டிக்கொடுப்பதும் இப்பொருத்தமே. எனவே, அதே வீரர் பிறருக்கு அனுப்பிய கையொப்பங்களுடன் ஒப்பிடுக. அஞ்சல் முத்திரை பதிந்த உறையையும் அட்டையுடன் பாதுகாத்து வைக்க.

தருவோர் மனம்

கிளீவ்லாந்து அணியின் பந்தெறிவீரர் பாப் ஃபெல்லர், கேட்டோர்க்கெல்லாம் கையொப்பமிட்டவர். அவர் கையொப்பமிடாத பந்துதான் அரிது என்று வேடிக்கையாகக் கூறுவதுண்டு. வரத்து மிகுந்தால் விலை குறையும் என்பது சந்தையின் நியதி. ஆயினும் அதனைக் கடிதத்தில் கேட்டுப் பெற்ற சிறுவனுக்கு அது குறைந்த பொருளாகத் தோன்றியிராது.

573 ஹோம் ரன் அடித்த ஹார்மன் கில்லப்ரூ, தம் பெயரின் ஒவ்வோர் எழுத்தும் தெளிய எழுதுவார். மினசோட்டா ட்வின்ஸ் அணியின் இளைய வீரர்களும் அவ்வாறே எழுத வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். கிறுக்கலாகக் கையொப்பமிட்டுவந்த டோரி ஹன்டர் அவ்வறிவுரையால் திருந்தியவர். பல்லாண்டு கழித்து அப்பொருளைக் கையிலெடுக்கும் ஒருவர், அது யாருடைய பெயர் என்று படித்தறிய வேண்டும் அன்றோ?

நாம் கூறும் அறிவுரை

இழந்தால் மனம் தாங்காத அட்டையை அஞ்சலில் சேர்க்கற்க. புகழின் உச்சியில் உள்ளோரைவிட, ஓய்வுபெற்றோருக்கும் புதியோருக்கும் எழுதுக. மறுமொழிக்கு வாய்ப்பு மிகுதி. முதலீடு என்று கருதி முன்பின் அறியாதவரிடம் கையொப்ப அட்டைகளை விலைக்கு வாங்குவதைத் தவிர்க்க.

அந்த ஓய்வூதியரின் ஆயுள் சான்றிதழுக்கு மீண்டும் வருவோம். அன்று அவர் இட்ட கையொப்பம், இருபதாண்டுகளுக்கு முன் அவர் தந்த மாதிரிக் கையொப்பத்தினின்றும் பெரிதும் விலகியிருந்தது; கை நடுங்கிவிட்டது. ஆயினும் அவர் எங்கள் எதிரில் அமர்ந்து எழுதியதால் ஐயத்துக்கு இடமில்லை. புதிய மாதிரிக் கையொப்பம் பெற்றுக்கொண்டோம்.

அடுத்த முறை அவர் வந்தபோது, அட்டையைப் பற்றி நாங்கள் அறிந்தவற்றைக் கூறி, முழு உறுதி அளிக்க எவராலும் இயலாது என்பதையும் தெரிவித்தோம். அவர் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. பேரனுக்குத் தாமே கைப்படக் கடிதம் எழுதப்போவதாகக் கூறினார். அவன் மறுமொழி எழுதச் சுயமுகவரி உறையும் வைக்க எண்ணினாராம். நம் நாட்டு அஞ்சல்தலை அங்கே செல்லாது என்பதால், உறையை மட்டும் வைத்து அனுப்பப் போகிறாராம்.