உறைபனி விலகியது... முதல் வேலை கொட்டகையில்!

நீலகிரியில் தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி பகுதிகளில் புல்வெளி வெள்ளையாகப் படர்ந்து கிடந்த காலைப்பொழுதுகள் பிப்ரவரியோடு பெரும்பாலும் முடிந்துவிடும். மார்ச்சில் வெயில் ஏறும். ஏப்ரலில் கோடை மழை இரண்டு முறை நன்றாக இறங்கினால் போதும், தேயிலைச் செடி குப்பென்று துளிர்த்துவிடும். ஏப்ரல் முதல் ஜூன் வரை வரும் இந்த மகசூல்தான் சிறு விவசாயியின் வருமானத்தில் முதல் பெரிய பங்கு.

அந்த நேரம் பார்த்துத்தான் இயந்திரம் மக்கர் செய்யும். மூன்று மாதம் மூலையில் கிடந்த அறுவடை இயந்திரம் கயிற்றை எத்தனை இழுத்தாலும் கிளம்பாது. மெக்கானிக் கடையில் ஏற்கெனவே பத்து இயந்திரங்கள் வரிசையில் நிற்கும். ஆள் வைத்துப் பறிக்கலாம் என்றால், ஆள் கிடைப்பதில்லை. துளிர்க்கும் பருவத்தில் கைப்பறிப்புக்கு 7 முதல் 10 நாள்களுக்கு ஒரு சுற்று வர வேண்டும். ஒரு சுற்று தவறினாலும் கொழுந்து முற்றிவிடும். முற்றிய இலையைத் தொழிற்சாலையில் கழித்துவிடுவார்கள், அல்லது விலையைக் குறைப்பார்கள். குன்னூரில் உள்ள தேயிலை வாரியம் மாதந்தோறும் பசுந்தேயிலைக்குச் சராசரி விலை அறிவிக்கிறது. இலை தரமாக இல்லாவிட்டால் அந்த விலையைக்கூட எதிர்பார்க்க முடியாது.

ஆகவே, மார்ச் மாதத்தில் இரண்டு நாளை ஒதுக்கிக் கொட்டகையைத் திறப்பது செலவல்ல, வருமானத்தைக் காப்பாற்றும் வேலை. பல மாதம் பனியில் மூடிக்கிடக்கும் கனடா, பின்லாந்து நாட்டு விவசாயிகளும் பனி உருகியதும் முதலில் டிராக்டரையும் பம்பையும்தான் பிரித்துப் பார்க்கிறார்கள். அங்கே வயல் ஈரம் காய்வதற்குள் பழுது பார்த்து முடிக்க வேண்டும். இங்கே கோடை மழை இறங்குவதற்குள் முடிக்க வேண்டும்.

பழைய பெட்ரோல்தான் முதல் எதிரி

அறுவடை இயந்திரம், கவாத்து இயந்திரம், புல்வெட்டி மூன்றிலும் பெரும்பாலும் இருப்பது டூ ஸ்ட்ரோக் இன்ஜின்தான். சீசன் முடிந்ததும் டேங்கில் பெட்ரோலோடு அப்படியே வைத்துவிட்டால், பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டரின் நுண்துளைகளில் பசை போன்ற படிவு தங்கிவிடும். இன்றைய பெட்ரோலில் எத்தனாலும் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மலையின் ஈரக்காற்றுக்குக் கேட்கவே வேண்டாம்.

எனவே, முதலில் பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிடுங்கள். கார்புரேட்டரைக் கழற்றி, கிளீனர் தெளித்து, துளைகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பியை விட்டுக் குத்தக் கூடாது. துளை பெரிதானால் பெட்ரோல் அதிகமாகக் குடிக்கும். பெட்ரோல் குழாய் விறைத்து வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஏர் ஃபில்டர் பஞ்சைச் சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்திப் பொருத்துங்கள்.

அடுத்தது ஸ்பார்க் பிளக். அதன் நுனியைப் பார்த்தே இன்ஜினின் உடல்நிலையைச் சொல்லிவிடலாம். இளம்பழுப்பாக இருந்தால் சரி. கறுத்து ஈரமாக இருந்தால் ஆயில் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. வெளுத்திருந்தால் ஆயிலோ பெட்ரோலோ போதவில்லை. அப்படியே ஓட்டினால் பிஸ்டன் இறுகிவிடும். பிளக் இடைவெளி பெரும்பாலான சிறிய இன்ஜின்களுக்கு 0.6 முதல் 0.7 மி.மீ.

பெட்ரோல், 2டி ஆயில் கலவையைக் கண்ணளவில் ஊற்ற வேண்டாம். 25:1 என்று கையேட்டில் இருந்தால் ஒரு லிட்டருக்கு 40 மி.லி., 50:1 என்றால் 20 மி.லி. ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் கலந்து வைத்தால் போதும்.

மழுங்கிய கத்தி இலையைக் கிழிக்கும்

தீட்டிய கத்தி கொழுந்தை நறுக்கும். மழுங்கிய கத்தி அதைக் கிழிக்கும். கிழிந்த இலை மூட்டையிலேயே கறுக்கத் தொடங்கும். செடியில் எஞ்சிய காம்பின் நுனியும் காயும். கத்தியைக் கழற்றி, ஒட்டியிருக்கும் இலைப்பிசினைச் சுரண்டி, ஏற்கெனவே உள்ள சாய்வு மாறாமல் அரத்தால் தீட்டி, எண்ணெய் பூசி வையுங்கள். மேல் கத்திக்கும் கீழ்க் கத்திக்கும் இடைவெளி அதிகமானால் எவ்வளவு தீட்டினாலும் பயனில்லை. போல்ட்டை முறையாக முறுக்குங்கள். கியர் பெட்டிக்கு கிரீஸ் ஏற்றுங்கள்.

கத்தியில் கை வைக்கும் முன் பிளக் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். பேட்டரி இயந்திரமாக இருந்தால் பேட்டரியை எடுத்துவிட வேண்டும். விரல் போனால் திரும்ப வராது.

பேட்டரியில் இன்னொரு சங்கதி உண்டு. உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் அதன் ஆயுள் குறையும். பனிக்காலத்தில் கொட்டகையில் போடாமல் வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் செய்வதே நல்லது.

பம்ப், பவர் டில்லர், தெளிப்பான்

நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவிகிதம் விரியும். பம்பிலும் குழாயிலும் நீர் தேங்கி உறைந்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கலாம். பள்ளப்பகுதித் தோட்டங்களில் குளிர்காற்று இறங்கித் தங்குவதால் அங்கே ஆபத்து அதிகம். மோட்டாரை ஓட்டுவதற்கு முன் பம்பின் உடல், ஃபுட் வால்வு, குழாய் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். நீரால் குளிரும் பவர் டில்லருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அடுத்த பனிக்காலத்தில் இரவில் நீரை வடித்துவிடுங்கள்.

களைக்கொல்லி அடித்த தெளிப்பானை மற்ற மருந்துகளுக்குப் பயன்படுத்த வேண்டாம். ஜூனில் தென்மேற்குப் பருவமழையோடு கொப்புள நோய் வரும்போது மழை விடும் இடைவெளியில் மருந்து அடிக்க வேண்டியிருக்கும். அன்று வாஷர் தேய்ந்து ஒழுகினால் அந்த நாள் போய்விடும். நாசில், வாஷரை இப்போதே வாங்கி வையுங்கள்.

மண் ஒட்டிய சக்கரமும் நூற்புழுவும்

ஏப்ரலில் கார்போக உருளைக்கிழங்குக்கு நிலம் தயாராகும் நேரம் இது. பவர் டில்லர் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு வாடகைக்குப் போகும். அதன் கொழுவில் ஒட்டிய மண்ணோடு முட்டைக்கூட்டுப் புழுவும் போகும். உருளைக்கிழங்கைத் தாக்கும் இந்தத் தங்க நூற்புழு, இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1961-ல், நீலகிரியில்தான். அதன் முட்டைக்கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். எதிர்ப்புத்திறன் உள்ள குஃப்ரி ஸ்வர்ணா போன்ற ரகங்கள் வந்த பிறகும் பிரச்னை தீர்ந்துவிடவில்லை. இயந்திரம் தோட்டத்துக்குள் நுழையும் முன் வாசலிலேயே மண்ணைச் சுரண்டிக் கழுவச் சொல்லுங்கள். ஒரு குடம் தண்ணீர் பல ஆண்டு நஷ்டத்தைத் தடுக்கும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*பனியில் கருகிய தேயிலையை உடனே வெட்டலாமா?*

அவசரப்பட வேண்டாம். கருகிய இலை அசிங்கமாகத் தெரிந்தாலும், அடுத்த பனியிலிருந்து உள்ளிருக்கும் மொட்டைக் காக்கும். பனி முற்றிலும் நின்று, எதுவரை காய்ந்திருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்த பிறகு காய்ந்த பகுதியை மட்டும் நீக்குங்கள். உரத்தையும் காய்ந்த மண்ணில் இடாமல், கோடை மழையில் ஈரம் இறங்கிய பிறகு இடுங்கள்.

*பழைய பெட்ரோலோடு புதிய பெட்ரோலைக் கலந்து ஊற்றலாமா?*

சில மாதம் கிடந்த பெட்ரோல் என்றால் கூடாது. அரை லிட்டரை மிச்சம் பிடிக்கப் போய், கார்புரேட்டர் செலவு வந்து சேரும்.

*சீசன் முடிந்ததும் என்ன செய்ய வேண்டும்?*

டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிடுங்கள். பிளக் துளையில் சில சொட்டு ஆயில் விட்டுக் கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுங்கள். இயந்திரத்தைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

தேயிலை, மலைக்காய்கறி சாகுபடி குறித்த சந்தேகங்களுக்குக் குன்னூரில் உள்ள உபாசி வேளாண் அறிவியல் மையத்தை அணுகலாம். இயந்திர மானியம் பற்றி வேளாண் பொறியியல் துறையில் விசாரிக்கலாம். மானியத்தில் புது இயந்திரம் வந்தாலும் பராமரிப்பு நம் கையில்தான். முதல் மழை வாசலுக்கு வரும்போது, கயிற்றை ஒரே இழுப்பில் இழுத்தால் இன்ஜின் கிளம்ப வேண்டும். அதற்கான வேலையை இந்த வாரமே தொடங்குங்கள்.