மிதவைப் படகின் மின்னிணைப்பு

தமிழாசிரியன் மின்கம்பியைப் பற்றி எழுதுவதா என நண்பர் சிலர் நகைப்பர், நகைக்கட்டும். ஓமின் விதியை நம் மாணவர் தேர்வுத்தாளில் வழுவின்றி எழுதுகின்றனர். அவ்விதி நீரின்மேல் எங்ஙனம் தொழிற்படுகின்றது என்பதையே ஈண்டு கூறப் புகுந்தேன்.

1807ஆம் ஆண்டில் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் வயல்நிலத்தில் அணையிட்டு ஆக்கிய நம் கண்டி வாவியில் இன்று படகுச் சவாரி நடைபெறுகின்றது. இத்தகைய அமைதியான நீர்நிலைகளுக்கு ஏற்ற படகுகளுள் ஒன்று மிதவைப் படகு. உள்ளீடற்ற நீண்ட உருளைகளின்மேல் தட்டையான தளம். அதன் அடியில் மின்கம்பிகள். கீழே நீர்த்திவலை, மேலே இரு பருவக்காற்றின் மழை. கம்பியின் முனைகளில் ஈரம் புகாதிருப்பது அரிது.

விளக்கு மங்கினாலும் இயந்திரம் கிளம்பத் தயங்கினாலும் உடனே புதிய பற்றரி வாங்குவோர் பலர். தலையணையை மாற்றினால் தலைவலி தீருமோ? குற்றம் பெரும்பாலும் இணைப்புகளிலேயே உள்ளது. அங்கே செம்பிற் பச்சைக் களிம்பு படர்ந்து மின்தடையை மிகுவிக்கும்.

இதனைக் காண வோல்ற்றுமானி ஒன்று போதும். ஆனால், விளக்கை ஏற்றாது அளந்தால் களிம்பேறிய கம்பியும் பற்றரியின் 12.6 வோல்ற்றைக் குறைவின்றிக் காட்டி நம்மை ஏமாற்றிவிடும். மின்னோட்டம் இல்லாதவிடத்து இழப்பும் இல்லை அன்றோ! ஆகவே ஆளியைப் போட்ட பின்னரே அளத்தல் வேண்டும். 0.2 ஓம் தடையுள்ள இணைப்பினூடாக 10 அம்பியர் பாயின், 2 வோல்ற்று அங்கேயே வெப்பமாய்க் கழியும். இணைப்பின் இருபுறமும் மானியின் முனைகளை வைத்தால் அவ்விழப்பு வெளிப்படும். பற்றரிக்கு மீளும் எதிர்க்கம்பியையும் அவ்வாறே சோதிக்க; பலர் மறப்பது அதனையே.

பழுது கண்டபின், பற்றரியின் எதிர்முனையை முதலிற் கழற்றுக. கறுத்த பகுதியை ஒளிரும் செம்பு தோன்றும்வரை வெட்டி நீக்குக. வெள்ளீயம் பூசிய செப்புக்கம்பியை முனையில் நெரித்துப் பொருத்தி, நீர்புகா உறையிடுக. வெறுமனே முறுக்கி நாடா சுற்றுவது வேலையன்று. அலுமினிய உருளையை மின்னோட்டத்தின் மீள்வழியாகக் கொள்ளுதலும் ஆகாது. கசியும் மின்னோட்டம் அதனை அரித்துத் துளைக்கும்.

'உருகி' என்பது நல்ல தமிழாக்கம். தான் உருகிக் கம்பியைக் காப்பது. அடிக்கடி உருகுகின்றதே எனச் சினந்து பெரிய உருகியை இடுபவர், உருகும் தொழிலைக் கம்பிக்கே கொடுத்துவிடுகின்றார். பெற்றோல் கலன் அருகிருக்க, கரை தொலைவிலிருக்க, கம்பி தீப்பற்றினால் பயணிகள் எங்கே ஓடுவர்? உருகியை நேர்முனைக்கு அண்மையிலேயே அமைத்தல் வேண்டும். தள்ளி வைப்பின், இடைப்பட்ட கம்பிக்குக் காவல் இல்லை.