சொல்லிழந்தோர் சமைத்த தீவு

நேற்றுவரை வீட்டுக் கணக்கையும் ஊர் வழக்கையும் தம் நாவன்மையால் நடத்தி வந்த ஒருவர், ஒருநாள் பாரிசவாதத்தாற் சாய்ந்து விடுகின்றார். உயிர் பிழைக்கின்றது. ஆனால், தண்ணீர் கேட்க வாயெடுத்தாற் சொல் வருவதில்லை. வந்தாலும் வேறொரு சொல் வந்து விழுகின்றது. வைத்தியர்கள் இதனை அபேசியா என்பர். பாரிசவாதத்திலிருந்து பிழைத்தோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரை இது பற்றுகின்றது. இது நாவில் நேர்ந்த பழுதன்று. மூளையில் மொழியை ஆளும் பகுதி, பெரும்பாலார்க்கு இடப்பக்கத்திலுள்ளது, ஊறுபடுவதால் விளைவது. வலக்கையும் வலக்காலும் உடன் தளர்ந்து போதலும் இதனாலேயாம்.

சொல் போனால் அறிவும் போயிற்று என்று எண்ணிவிடுவோர் பலர். அது பெரும் பிழை. 1861ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரை அடுத்த பிசெத்ர் வைத்தியசாலையில் லெபோர்ஞ் என்னும் நோயாளரைப் புரோக்கா என்ற வைத்தியர் பரிசோதித்தார். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்ற ஓசையே அவர் வாயிலிருந்து வந்தது. எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கின்றீர் என்று வினவியபோதோ, அவர் தம் இடக்கையை நான்கு முறை விரித்துக் காட்டி, பின்னர் ஒரு விரலை நீட்டினார். இருபத்தொன்று! விடை சரியானதே. மூளையின் மொழிப்பகுதி பற்றிய ஆராய்ச்சிக்கு வித்திட்ட அந்த நோயாளர், கேட்கும் முறையறிந்து கேட்டால் தம்மால் விடை சொல்ல முடியும் என்பதையும் அன்றே காட்டிவிட்டார்.

பயன்படாத கருவிகள்

இழந்த ஆற்றலை மீட்கப் பயிற்சி வேண்டும். அதுவும் திரும்பத் திரும்ப வேண்டும். சிகிச்சையாளரோ ஒரு நோயாளருடன் கழிக்கக்கூடிய நேரம் சிறிது. ஆகவேதான் கணினியும் கைத்தொலைபேசியும் துணைக்கு அழைக்கப்படுகின்றன. யந்திரம் சலிப்பதில்லை, ஒரே சொல்லை நூறு முறை கேட்டாலும் முகஞ் சுளிப்பதில்லை.

ஆயினும், ஆவலோடு வாங்கிய கருவி சில நாளில் மூலையிற் கிடப்பதும் உண்டு. காரணம் என்ன? எழுத்தை வாசிக்க இயலாதவர் முன் எழுத்தாலாய கட்டளைகள் நிற்கும். ஒரு கையே இயங்கும் ஒருவரை இரு கைகளாலும் இயக்கச் சொல்லும். அறுபது வயதுப் பெரியவருக்குப் பாலர் வகுப்புப் படங்கள் தோன்றும். அவர் அதனைத் தள்ளி வைப்பது சோம்பலாலன்று, மானத்தாலேயாம். செய்தவர் திறமைசாலியே, பயன்படுத்தப் போகின்றவரை அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்கும் வகை

கணினியோடு பழகப் போகின்றவரையே அதன் அமைப்பிற் பங்காளியாக்கும் வழக்கம் ஸ்கந்திநேவிய நாட்டுத் தொழிற்சங்கங்களால் வளர்ந்தது. 1981 முதல் 1985 வரை அங்கு நடந்த ஊட்டோப்பியா என்னும் திட்டத்தில், அச்சகத் தொழிலாளர்கள் கடதாசி அட்டையாலும் பலகையாலும் பொய்க் கணினிகள் செய்து, பத்திரிகைப் பக்கம் அமைக்கும் வேலையை அவற்றில் நடத்திப் பார்த்தார்கள்.

அச்சுத் தொழிலாளி தம் குறையை வாய்விட்டுச் சொல்லலாம். சொல்லிழந்தவரிடம் கருத்துக் கேட்பது எங்ஙனம்? இந்த வினாவை இலண்டன் சிற்றி பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. பேச்சுச் சிகிச்சைத் துறைப் பேராசிரியை ஜேன் மார்ஷலும், கணினி வடிவமைப்பு அறிஞர் ஸ்ரெபனி வில்சனும் அங்கம் வகித்த குழு, அபேசியா உற்ற ஐவரை ஆலோசகர்களாகச் சேர்த்துக்கொண்டது. நீண்ட கலந்துரையாடல்களுக்குப் பதிலாகப் பொருள்களையும் மாதிரிகளையும் அவர்கள் கையிற் கொடுத்து இயக்கிப் பார்க்கச் செய்தது. எங்கே கை தயங்குகின்றது, எதைக் கண்டு முகம் மலர்கின்றது என்பனவும் கருத்துகளாயின.

இம்முறையில் முதலிற் சைகைப் பயிற்சிக் கருவியொன்று உருவாயிற்று. நோயாளர் நிறக் கையுறை அணிந்து செய்யும் சைகையைக் கணினி கண்டறியும். லெபோர்ஞ் கையால் எண்ணிக் காட்டியதை நினைவுகூர்வோர்க்கு இதன் அருமை விளங்கும். அதனை அடுத்து எழுந்ததே ஈவா பார்க் என்னும் கற்பனைத் தீவு. கணினித் திரையில் மட்டுமே உள்ள அத்தீவில் வீடுகளும் உணவகமும் சிகை அலங்கார நிலையமும் உண்டு. நோயாளர் வீட்டிலிருந்தபடியே ஓர் உருவமாக அதில் நுழைந்து, தம் சொந்தக் குரலில் உரையாடலாம். உணவு கேட்கலாம், வழி விசாரிக்கலாம். சொல் தடுமாறினாற் பின்னால் நின்று அவசரப்படுத்துவார் எவருமில்லை.

இங்கே சிகிச்சையாளர் பங்கு சிறிதன்று. எத்தகைய உரையாடல் பயன் தரும், எத்துணைப் பயிற்சி வேண்டும், எப்போது களைப்பு மேலிடும் என்பன அவர்கள் அறிந்தவை. எது எளிது, எது இழிவு, எது இன்பம் என்பன நோயாளர் அறிந்தவை. இரண்டிலொன்று குறைந்தாலும் கருவி முடமாகும்.

கண்ட பயன்

இருபது பேர் ஐந்து வாரம் உதவியாளருடன் அத்தீவிற் பயின்றதன் முடிவுகள் 2016இல் வெளியாயின. அன்றாடத் தேவைகளைத் தெரிவிக்கும் ஆற்றல் அவர்களிடம் வளர்ந்தது. பயிற்சி முடிந்த பின்னரும் நிலைத்தது. ஆனால், தன்னம்பிக்கை, தனிமையுணர்வு முதலியவற்றில் அளவிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. 2020இல் வெளியான மற்றொரு சோதனையில் 34 பேர் குழுக்களாகக் கூடினர். பெரும்பாலோர் இறுதிவரை நின்றனர். எனினும் மனநலத்தை அளந்தபோது தெளிவான ஏற்றம் தென்படவில்லை.

ஆகவே, நோயாளரைக் கேட்டுச் செய்த கருவி எல்லாவற்றையும் குணமாக்கிவிடும் என்று நாம் கூறவில்லை. கேளாது செய்த கருவி மூலையிற் கிடக்கும். கேட்டுச் செய்தது கையில் இருக்கும். கையில் இருக்கும் கருவியையே மேலும் திருத்த முடியும்.

வீட்டிலுள்ளோர்க்கும் இதில் ஒரு பாடமுண்டு. சொல்லிழந்த பெரியவரின் உடையையும் உணவையும் நாமே முடிவு செய்துவிடுவது எளிது. இரண்டு சட்டைகளை எடுத்து அவர் முன்னே காட்டி, சற்றே பொறுத்திருந்து பார்ப்போமாக. அவர் விரல் ஒன்றைச் சுட்டும்.