ஒரு பானைக் கூழ்

கோழிச் சாற்றில் கோதுமை மா உருண்டைகளை இட்டு, ஒரே பானையில் உணவை முடித்தல் அமெரிக்க நாட்டு வழக்கம். மன்னார்த் தீவிலும் கரையோர ஊர்களிலும் அவ்வாறு ஒரு பானையைச் சுற்றிக் குடும்பத்தை அமர்த்துவது ஒடியற் கூழ்.

இதற்குச் செழுமை தருவது பனங்கிழங்கே. கிழங்கைப் பச்சையாகப் பிளந்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அதன் மாவை நீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்தாற் கசப்பு நீங்கும்.

கொதிநீரில் அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய் ஆகியவற்றை முதலில் வேகவிடுக. பின்னர் மீன், நண்டு, இறால் சேர்க்க. சைவ உணவினர் இவற்றை விலக்கலாம். யாவும் வெந்தபின் அரைத்த செத்தல் மிளகாய், பூண்டு, மஞ்சள் ஆகியவற்றோடு, பழப்புளியில் கரைத்த மாவையும் இட்டு, அடிப்பிடியாது துழாவுக. கூழ் தடித்ததும் முருங்கையிலை தூவி இறக்குக. பனையோலைப் பிளாவில் அருந்துதல் பழைய முறை.

ஒன்று நினைவிலிருக்கட்டும். கிழங்கென்பது முளைவிட்ட இளம்பனையேயன்றோ? அதைக் கிண்டியெடுத்தால் மரமில்லை. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் வடபுலத்துப் பனைகள் பெருந்தொகையாக அழிந்தன. பனை காய்க்கவோ 10 ஆண்டுகளுக்கு மேலாகும். ஆதலின் மாணவர்களே, கிழங்குப் பாத்தி போடும்போது சில விதைகளை வேலியோரம் ஊன்றி, தோண்டாது வளரவிடுங்கள். உங்கள் பிள்ளைகளின் கூழுக்கு மா தருவன அம்மரங்களே.