ஒரே சிவப்பு, இரண்டு குணம்

1968-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனையான ஒரு ஃபோர்டு காரையும் ஒரு ஷெவர்லே காரையும் அருகருகே நிறுத்துங்கள். இரண்டின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸிலிருந்தும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். இரண்டு நுனியிலும் ஒரே சிவப்பு எண்ணெய்தான் சொட்டும். ஆனால் ஃபோர்டின் எண்ணெய் கிளட்ச் பிளேட்டுகள் சட்டென்று கவ்விப் பிடிப்பதற்காகத் தயாரானது. ஷெவர்லேயின் எண்ணெய், அவை வழுக்கி வழுக்கி மெல்லப் பிடிப்பதற்காகத் தயாரானது. ஒன்றின் எண்ணெயை மற்றதில் ஊற்றினால் இரண்டு காரும் கெடும். கெடும் விதம்தான் வேறு.

எண்ணெய்க்கு எண்ணெய் இவ்வளவு வேறுபடுவது ஏன்? என்ஜின் எண்ணெயின் முக்கிய வேலை உராய்வைக் குறைப்பது. கியர்பாக்ஸ் எண்ணெய் உராய்வைக் குறைக்கவும் வேண்டும், அளவாகக் கொடுக்கவும் வேண்டும். அதோடு நிற்பதில்லை. என்ஜினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோவதும் அதுதான்.

என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் என்ற முறுக்குவிசை மாற்றி இருக்கிறது. அதன் உருண்டைக் கூட்டுக்குள் இதழ் இதழாக அலகு வைத்த இரண்டு சக்கரங்கள் எதிரெதிரே நிற்கும். பழைய கார்களில் இவை ஒன்றையொன்று தொடுவதே இல்லை. என்ஜின் பக்கத்துச் சக்கரம் எண்ணெயை வீசியடிக்கும். அந்த வீச்சில் எதிர்ச் சக்கரம் சுழலும். திரும்பி வரும் எண்ணெயை நடுவிலிருக்கும் மூன்றாவது சக்கரம் திசை திருப்பி, மறுபடி என்ஜினுக்கு உதவியாக அனுப்பும். இதனால் கார் கிளம்பும்போது முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பெருகுகிறது. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905-இல் காப்புரிமை பெற்றது இந்த ஏற்பாட்டுக்குத்தான். அவர் மனத்தில் இருந்தது கார் அல்ல, கப்பல்.

எப்போது கியர் மாற வேண்டும் என்று முடிவெடுப்பதும் எண்ணெய்தான். அந்தக் காலத்து கியர்பாக்ஸில் கணினி கிடையாது. வால்வ் பாடி என்ற உலோகக் கட்டியில் புழுத் துளைத்ததுபோல் வளைந்து வளைந்து ஓடும் வாய்க்கால்கள் உண்டு. அவற்றில் ஸ்பிரிங் வைத்த சின்னஞ்சிறு வால்வுகள் உண்டு. காரின் வேகம் கூடக் கூட ஒரு வாய்க்காலில் அழுத்தம் கூடும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னொன்றில் கூடும். இரண்டும் ஒரு வால்வின் இரு முனைகளையும் தள்ளும். எது வெல்கிறதோ அதன்படி கியர் அமையும். மேட்டில் அழுத்தி மிதித்து ஏறும்போது கார் தாழ்ந்த கியரிலேயே நீடிப்பது இதனால்தான். வெறும் திரவம் போடும் இந்தக் கணக்கு எனக்கு இன்றும் மலைப்பூட்டுகிறது. கார் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு. இந்த வாய்க்கால்களில் எண்ணெயின் அழுத்தம் 60-இல் தொடங்கி 200-ஐத் தாண்டும்.

அந்த அழுத்தம் கடைசியில் போய்ச் சேரும் இடம், கியரைப் பூட்டும் கிளட்ச் பிளேட். அதன் உராயும் முகம் பெரும்பாலும் காகிதம்! மரக்கூழின் செல்லுலோஸ் இழைகளைப் பிசினில் தோய்த்து, சூடேற்றி இறுக்கி, எஃகுத் தட்டில் ஒட்டியிருப்பார்கள். பலவற்றில் டயாட்டம் என்ற நுண்பாசிகளின் மணல்போன்ற ஓடுகளும் கலந்திருக்கும். காகிதத்தின் நுண்துளைகள் எண்ணெயை உறிஞ்சி வைத்திருந்து, பிளேட் நெரிபடும்போது கக்கிச் சூட்டை வெளியேற்றுகின்றன. எண்ணெய் வற்றினால் அந்தக் காகிதம் கருகிவிடும்.

ஃபோர்டும் ஷெவர்லேயும் பிரிவது இந்தக் காகிதத்தின் மேல்தான். எண்ணெயில் கலக்கும் உராய்வு மாற்றி என்ற வேதிப்பொருளின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. தலை உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். வால் எண்ணெய்க்குள் நீட்டி நிற்கும். பிளேட்டும் அது உராயும் எதிர் எஃகுத் தட்டும் ஏறக்குறைய ஒரே வேகத்துக்கு வரும் கடைசி நொடியில், நடுவிலிருக்கும் எண்ணெய்ப் படலம் பிதுங்கி விலக, இந்த வால்களின் படுகை மட்டும் மிஞ்சும். அப்போது உராய்வு திடீரென்று எகிறாமல் தணிகிறது; கியர் மாறியதே தெரியாது. ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 1967-இல் கொண்டுவந்த டெக்ஸ்ரான் இந்த வகை. அதே ஆண்டில் ஃபோர்டு வகுத்த டைப் எஃப் எண்ணெயில் உராய்வு மாற்றி இல்லை. கடைசி நொடியில் உராய்வு ஏறி, பிளேட் கவ்வி நிற்கும். அந்தக் கவ்வலை நம்பியே ஃபோர்டின் கியர்பாக்ஸ் கட்டப்பட்டது. அதில் டெக்ஸ்ரானை ஊற்றினால் பிளேட் வழுக்கும், காகிதம் கருகும். ஷெவர்லேயில் டைப் எஃப் ஊற்றினால் கியர் ஒவ்வொன்றும் உதைத்துக்கொண்டு விழும்.

1970-களின் பிற்பகுதியில் ஃபோர்டே தன் கியர்பாக்ஸ்களை ஒவ்வொன்றாக வழுக்கும் எண்ணெய்க்கு மாற்றத் தொடங்கியது. ஆகவே காரின் பெயரை வைத்து எண்ணெய் வாங்க முடியாது. ஆண்டும் கியர்பாக்ஸின் மாதிரியும் தெரிய வேண்டும். பல கார்களில் டிப்ஸ்டிக்கிலேயே எண்ணெயின் வகை பொறிக்கப்பட்டிருக்கும்.

முதல் டெக்ஸ்ரானுக்கு வழுக்கலைத் தந்தது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? பெயர்தான் எண்ணெய், வேதியியல்படி அது திரவ மெழுகு. சூட்டைத் தாங்கும், உலோகத்தில் ஒட்டும். 1970-இல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழியும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. இறக்குமதிக்கும் கதவு அடைபட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஓர் உயிர் தன் தலைக்குள் உருவாக்கிய பொருளுக்கு வேதியியலாளர்கள் சில ஆண்டுகளில் மாற்றுத் தேட வேண்டியிருந்தது. திமிங்கில எண்ணெய் இல்லாத டெக்ஸ்ரான் 2, 1973-இல் வந்தது. வந்த வேகத்தில் ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பானின் பற்றவைப்பை அது அரிக்கத் தொடங்க, அரிப்புத் தடுப்பான் சேர்த்து மீண்டும் திருத்தினார்கள்.

பிறகு 1993-இல் டெக்ஸ்ரான் 3, 2005-இல் டெக்ஸ்ரான் 6. பழையவை எல்லாவற்றுக்கும் பதிலாக 6-ஐ ஊற்றலாம் என்பது ஜெனரல் மோட்டார்ஸின் வாக்கு. ஆனால் பாகுத்தன்மையைக் கவனியுங்கள். திரவம் ஓடத் தயங்கும் அளவுக்கு அதுதான் பெயர். நீர் கொதிக்கும் 100 டிகிரியில் டெக்ஸ்ரான் 3-இன் பாகுத்தன்மை சுமார் 7.5 சென்டிஸ்டோக்ஸ், 6-க்கு அது சுமார் 6 மட்டுமே. புதிய கியர்பாக்ஸில் இந்த மெலிவு எரிபொருளை மிச்சப்படுத்தும். ஐம்பது ஆண்டு தேய்ந்த வால்வுகளின் இடுக்கில் அதே மெலிவு கசிவாகிவிடும் என்பதால், அத்தகைய காருக்கு 3-இன் கனமுள்ள எண்ணெயையே நான் தேர்ந்தெடுப்பேன். டெக்ஸ்ரான் 3-க்கான உரிமங்கள் 2006-இன் முடிவோடு காலாவதியாகிவிட்டன. இன்று டப்பாவில் ‘3-க்கு ஏற்றது’ என்று இருந்தால், அது எண்ணெய் தயாரிப்பாளரின் சொந்த உறுதிமொழி மட்டுமே. பெயர் தெரிந்த தயாரிப்பாளரிடம் வாங்குவது நல்லது.

வகையை மாற்ற நேர்ந்தால் இன்னொரு சங்கதி உண்டு. கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றி எண்ணெயை வடித்தால் எல்லாம் வந்துவிடாது. பெரும்பங்கு டார்க் கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். சில கார்களில் கன்வெர்ட்டருக்கென்று தனி வடிதிருகு உண்டு. இல்லாதவற்றில் புதியதை ஊற்றி, சிறிது தூரம் ஓட்டி, வடித்து, மறுபடி ஊற்ற வேண்டும். பழைய எண்ணெயின் வழுக்கும் மூலக்கூறுகள் அப்போதும் உடனே போவதில்லை. ஒவ்வொரு வடிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும்.