கற்றரையில் ஒரு புற்றரை

வலிகாமத்தில் வீடு கட்டியவர்க்கு அலவாங்கின் ஓசையே நிலத்தின் இயல்பைச் சொல்லிவிடும். எங்கள் வளவின் முன்புறத்தில் மண் ஓரிடத்தில் அரையடி, மற்றோரிடத்தில் இரண்டங்குலம். அதன் கீழே சுண்ணாம்புக்கல். முற்றத்தில் ஒரு புல் தலைகாட்டினாலும் பிடுங்கியெறிந்த தாய்மாரின் பிள்ளைகளாகிய நாம் இன்று புல் வளர்க்க முனைவது வேடிக்கைதான். எனினும், சிறுவர் விழுந்தெழும்பி விளையாடுதற்கும், கோடையிற் புழுதி அடங்குதற்கும் புற்றரை மிக நன்று.

முதன்முறை நான் செய்தது பெரும் பிழை. ஐப்பசி நடுவில் ஓர் உழவு இயந்திரப் பெட்டி செம்மண் வாங்கிக் கல்லின்மேற் பரப்பினேன். அடுத்த கிழமை பெய்த மழையில் அது படலையைக் கடந்து ஒழுங்கைக்குப் போய்விட்டது. அயலிலுள்ள முதிய கமக்காரர் பார்த்து, "மண்ணுக்குக் கால் முளைச்சிட்டுதோ, தம்பி?" என்றார்.

மறு ஆண்டு ஆவணியில் அவர் சொன்னபடி செய்தேன். அலவாங்கினாற் கிளம்பிய கற்களையெல்லாம் எடுத்து ஓரத்தில் வரம்பாக அடுக்கினோம். கிளம்பாத பாறையை அப்படியே விட்டோம். கல்லின்மேல் பூவரசங்குழையை மெல்லிதாகப் பரப்பி, மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு உக்கிய மாட்டெரு கலந்து, எட்டங்குல உயரம் இட்டோம். நீர் விட்டபின் அது ஆறங்குலமாகப் படிந்தது. நான்கங்குலத்துக்குக் குறைந்தால் பங்குனி வெயிலுக்குப் புல் தாங்காது. புரட்டாசித் தொடக்கத்தில் அறுகங் கணுக்களைச் சாணிடைவெளியில் நட்டுக் கிணற்றுநீர் இறைத்தமையால், பெருமழை வருமுன் வேர்கள் மண்ணைப் பற்றிக்கொண்டன. முன்பே புல் உள்ள இடமாயின், ஒருமுறைக்கு அரையங்குல மண்ணே போதும். மிகுந்தாற் புல் மூச்சடைத்து மடியும்.

புல் மஞ்சளித்தபோது யூரியா தூவச் சொன்னோர் பலர். நான் உடன்படவில்லை. நமது சுண்ணாம்புக்கல் வெடிப்பும் துளையும் உடையது. மேலே இட்ட உரம் மழையோடு இறங்கிக் கிணற்றிற் சேரும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியுள்ளமை ஆய்வுகளிற் கண்டறியப்பட்டதே. அந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தாற் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். முற்றத்தின் பச்சைக்காக அப்படியொரு விலையா? உக்கிய எருவை அரித்துச் சிறிதே தூவினோம். புல் மெல்லத் தேறிற்று.

மண் வந்த கதையையும் சொல்லவேண்டும். முதன்முறை விற்றவரிடம், எவருடைய தோட்டத்தில் வெட்டியது என்று கேட்டேன். அவர் விலையை மட்டுமே சொன்னார். ஓரங்குல மேல்மண் உண்டாக நூற்றாண்டுகள் செல்லும். ஆதலால் இரண்டாம் முறை, அயலில் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியவரிடம் மண்ணைக் கேட்டேன். அதை எங்கே கொட்டுவதென்று அவரும் தவித்துக்கொண்டிருந்தார்.