பெரிய கலப்பின நாய்க்குட்டி: உணவும் பயிற்சியும்

தென்னந்தோப்பு, ஆட்டுப்பட்டி, கோழிப்பண்ணை, பம்புசெட் அறை ஆகியவற்றுக்குக் காவலாக நாய் வளர்ப்பது நம் சிற்றூர்களில் நெடுநாளைய வழக்கம். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை நம் மண்ணுக்கு உரிய இனங்கள். இவற்றோடு அல்சேஷன், லாப்ரடார், கிரேட் டேன் போன்ற பெரிய அயல் இனங்கள் கலந்து பிறந்த குட்டிகளையும் இப்போது பலர் வாங்கி வளர்க்கின்றனர்.

இக்குட்டிகள் ஆறு மாதத்திலேயே பார்ப்பதற்கு வளர்ந்த நாய்போல் இருக்கும். பெரும்பாலும் அந்தப் பருவத்தில்தான் முன்னங்கால் வளைதல், நொண்டுதல், எழ முடியாமல் தடுமாறுதல் ஆகிய தொல்லைகள் தலைகாட்டும். உடலில் வலுவில்லை என்று எண்ணி, முட்டையையும் பாலையும் கூட்டி, கடையில் கால்சியம் டானிக் வாங்கி ஊற்றுவோர் உண்டு. பல குட்டிகளுக்கு இதுவே தீங்காக முடிகிறது. பெரிய இனக் குட்டியை விரைவாக வளர்க்கக்கூடாது, நிதானமாக வளர்க்கவேண்டும். இதற்குக் காரணம் உண்டு.

எடை முந்தும், எலும்பு பிந்தும்

கலப்பினப் பசுவின் கன்று பிறக்கும்போது சுமார் 25 கிலோ இருக்கும். அது 15 மடங்கு எடை கூடிப் பசுவாக மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வளர்ந்தபின் 35 கிலோ வரக்கூடிய நாயின் குட்டியோ பிறக்கும்போது அரைக் கிலோ அளவே இருக்கும். ஒன்றரை ஆண்டுக்குள் அது ஏறத்தாழ 70 மடங்கு வளர்கிறது.

கால் எலும்புகளின் நுனியில் உள்ள மெல்லிய குருத்தெலும்புப் பகுதியிலிருந்துதான் எலும்பு நீள்கிறது. சிறிய இனங்களில் இப்பகுதி பத்து மாதத்துக்குள் முற்றிவிடும். பெரிய இனங்களில் 12 முதல் 18 மாதம் வரை ஆகும். அதுவரை அதன்மேல் ஏறும் ஒவ்வொரு கிலோ கூடுதல் எடையும் சுமைதான்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து நடத்தி, 1974ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. வேண்டிய மட்டும் தின்ன விட்ட குட்டிகளுக்கு எலும்பு, மூட்டுக் கோளாறுகள் மிகுந்தன. அளவோடு உண்ட குட்டிகள் நன்றாக இருந்தன. 48 லாப்ரடார் குட்டிகளை வாழ்நாள் முழுவதும் கவனித்த மற்றோர் ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. கால் பங்கு குறைவாக உண்ட நாய்கள் மற்றவற்றைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்வும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது.

அளவாக உண்ணும் குட்டி குட்டையாகிவிடும் என்ற அச்சம் வேண்டாம். தாய் தந்தையின் வழியாக வரும் உயரத்தை அது அடையவே செய்யும். சில மாதம் தாமதமாக அடையும், அவ்வளவே.

கால்சியம்: குறைவும் கேடு, மிகையும் கேடு

வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு ஏற்ப மட்டுமே கால்சியத்தை ஏற்கும். இளங்குட்டியின் குடலுக்கு, அதிலும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு, அந்தக் கட்டுப்பாடு இல்லை. கொடுப்பதில் பெரும்பங்கு உடலில் சேர்ந்துவிடும். மிகையான கால்சியம் குருத்தெலும்பு முறையாக எலும்பாவதைத் தடுத்து, மூட்டுகளையும் கால்களையும் கோணலாக்கும்.

குறைவும் இதேபோல் தீமை தரும். இறைச்சியில் பாஸ்பரஸ், கால்சியத்தைப்போல் 15 முதல் 20 மடங்கு உள்ளது. கோழிக்கடைக் கழிவை மட்டுமே தின்று வளரும் குட்டியின் உடல், தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதன் எலும்பு மெலிந்து, சிறு தாவலிலும் முறியக்கூடும். அரிசிச் சோற்றிலும் கால்சியம் மிகக் குறைவு.

கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஆனால் 10 கிலோ எடையுள்ள வளரும் குட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 3 கிராம் கால்சியம் தேவை. கேழ்வரகால் மட்டும் இதை ஈடுசெய்ய நாள்தோறும் முக்கால் கிலோவுக்கு மேல் மாவு வேண்டும். எந்தக் குட்டியாலும் அதைத் தின்ன முடியாது. எனவே கீழ்க்கண்ட முறையைப் பின்பற்றுக.

பெரிய இனக் குட்டிகளுக்கென்றே தயாரித்த பொட்டல உணவைக் கொடுப்பவர்கள் கால்சியம் எதையும் தனியாகச் சேர்க்கக்கூடாது. அதில் வேண்டிய அளவு சேர்ந்தே உள்ளது. வீட்டில் சமைத்துக் கொடுப்பவர்கள் குட்டியின் எடையையும் அன்றாட உணவையும் கால்நடை மருத்துவரிடம் சொல்லி, நாய்க்கு உரிய தாது உப்பை அவர் குறிக்கும் அளவில் மட்டும் சேர்க்கவேண்டும். பாதி பொட்டலம், பாதி வீட்டு உணவு என்று கொடுத்தாலும் அவரைக் கேட்டே முடிவு செய்யவேண்டும். கறவை மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையையோ, மாட்டுக்கான கால்சியம் மருந்தையோ குட்டிக்குக் கொடுக்கவே கூடாது.

குட்டியை வெயிலில் கட்டினால் எலும்பு வலுப்படும் என்ற நம்பிக்கையும் சரியன்று. நாயின் தோல் வெயிலிலிருந்து போதிய வைட்டமின் டி தயாரிக்காது. அதை உணவிலிருந்தே பெறவேண்டும்.

உணவு கொடுக்கும் முறை

மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும், பின்னர் இரண்டு வேளையும் உணவு கொடுக்கவும். வளர்ந்த பிறகும் ஒரே வேளையில் வயிறு முட்டக் கொடுக்கவேண்டாம். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொண்டு, சில மணி நேரத்தில் உயிர் போவதுண்டு. உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓட்டமும் விளையாட்டும் கூடாது.

தட்டை 20 நிமிடம் வைத்து எடுத்துவிடவும். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும்.

வீட்டு உணவில் சோறு அல்லது கேழ்வரகுக் களியோடு வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன் அல்லது எலும்பு நீக்கிய இறைச்சி, தயிர், வேகவைத்த பூசணி அல்லது கேரட் ஆகியவற்றைச் சேர்க்கலாம். கோழிக் கழிவைப் பச்சையாகக் கொடுக்காமல் நன்கு வேகவைக்கவும். வெந்த எலும்பு கூரிய சில்லுகளாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களை அழிப்பவை. ஆகவே மீந்த சாம்பாரும் குழம்பும் ஊற்றிய சோறு நாய்க்கு ஏற்றதன்று.

அளவு சரிதானா என்று அறிய எளிய சோதனை உண்டு. குட்டியின் விலாவை விரல்களால் தடவுங்கள். நீட்டிய உங்கள் புறங்கையைத் தடவினால் எலும்பு தட்டுப்படுவதுபோல் இருந்தால் சரியான உடல். மடக்கிய கையின் கணுக்களைப்போல் துருத்தினால் மெலிவு. உள்ளங்கைபோல் மெத்தென்று இருந்தால் கொழுப்பு. மேலிருந்து பார்த்தால் இடுப்பு சற்று ஒடுங்கித் தெரியவேண்டும். சோதனைக்கு ஏற்ப உணவைப் பத்தில் ஒரு பங்கு கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். வாரம் ஒருமுறை, ஆடு நிறுக்கும் தொங்கு தராசில் குட்டியைச் சாக்கில் இட்டு நிறுத்துக் குறித்து வைப்பது நல்லது.

பயிற்சி: எது வேண்டும், எது வேண்டாம்

பல் போடாத காளைக்கன்றை எவரும் நுகத்தில் பூட்டுவதில்லை. அதே முறை நாய்க்குட்டிக்கும் பொருந்தும். குட்டியைக் கயிற்றில் பிணைத்து மொபெட்டுக்கும் மிதிவண்டிக்கும் பின்னால் ஓடவைப்பதை 18 மாதம் வரை அறவே தவிர்க்கவும். தார்ச்சாலையில் நெடுந்தூரம் ஓடுதல், உயரத்திலிருந்து குதித்தல், வழுக்கும் தரையில் பந்து துரத்துதல் ஆகியவையும் இளம் மூட்டுக்குத் தீங்கு.

ஆனால் குட்டியைக் கட்டியே போடுவதும் தவறு. நார்வே நாட்டில் நான்கு பெரிய இனங்களின் குட்டிகளில் நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. மூன்று மாதம் வரை நாள்தோறும் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு கூடுதலாக வந்தது. கட்டின்றி, மென்மையான, மேடுபள்ளமான மண்ணில் திரிந்த குட்டிகளுக்கு அது குறைவாக இருந்தது.

இந்த வகையில் விவசாயிக்கு நல்வாய்ப்பு உள்ளது. வரப்பும் தோப்பு மண்ணும் புல்தரையும் செலவில்லாத பயிற்சிக் களங்கள். அங்கே குட்டி தன் விருப்பப்படி ஓடி, களைத்தால் படுக்கட்டும். கயிற்றில் நடத்திச் செல்வதானால், மூன்று, நான்கு மாதக் குட்டிக்குக் காலையும் மாலையும் 15 நிமிடம் போதும். மாதம் ஏற ஏற, நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். கோடையில் காலை 7 மணிக்கு முன்பும், மாலையில் தரை ஆறிய பின்பும் நடத்துக. சிமென்ட் தரையில் படுக்கும் குட்டிக்குச் சாக்கு விரிப்பு தேவை.

எப்போது மருத்துவரிடம் செல்லவேண்டும்?

இரண்டு நாளுக்கு மேல் நொண்டுதல், காலையில் எழச் சிரமப்படுதல், முன்பாதம் வெளிப்புறம் திரும்புதல், மணிக்கட்டுக்கு மேல் வீக்கம், பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல்போல் தாவுதல் ஆகியவை எச்சரிக்கைகள். கால்சியம் குறைந்தாலும் கால் வளையும், மிகுந்தாலும் வளையும். கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது கடினம். எக்ஸ்ரே எடுத்து, கொடுக்கும் உணவைக் கேட்டறிந்தே மருத்துவர் முடிவு செய்வார். தொடக்கத்திலேயே உணவைத் திருத்தினால் பல குட்டிகள் தேறிவிடும். எலும்பு முற்றியபின் வளைவு நிலைத்துவிடும். அத்தகைய நாய் இரவுக் காவலுக்குப் பயன்படாது. மனிதருக்கான வலி மாத்திரைகளான பாராசிட்டமால், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவற்றை மருத்துவர் சொல்லாமல் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

குடற்புழு நீக்கமும், ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசிகளும், மூன்று மாதத்தில் போடும் வெறிநோய்த் தடுப்பூசியும் தவறக்கூடாது. புழு நிறைந்த குட்டிக்கு எவ்வளவு நல்ல உணவு கொடுத்தாலும் பயனில்லை.

அடுத்த முறை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு மாட்டை ஓட்டிச் செல்லும்போது குட்டியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அதன் எடையையும், அன்றாடம் என்ன உணவு, எவ்வளவு என்பதையும் ஒரு தாளில் எழுதிச் சென்றால் மருத்துவர் சரியான அளவைச் சொல்ல உதவியாக இருக்கும். முதல் ஒன்றரை ஆண்டு பொறுமையாக வளர்த்த குட்டி, பின்னர் பல ஆண்டுகள் தோப்பையும் பட்டியையும் நன்கு காக்கும்.